100 ஆண்டு பழைய வீட்டைப் புதுப்பிக்கும் முன் லேசர் ஸ்கேன் வீண் செலவா?

புதுச்சேரியில் பாட்டனார் கட்டிய வீட்டைப் புதுப்பிக்கும் முன் லேசர் ஸ்கேன் எடுப்பது வீண் செலவா என்று கேட்டிருக்கிறீர்கள். பங்காளிகளில் யாராவது "டேப் போதாதா?" என்றிருப்பார்கள். எங்கள் வீட்டில் அப்படிச் சொன்னவன் நான்தான்.

வைசியாள் வீதிக்கு அருகிலுள்ள எங்கள் வீட்டின் நடு அறையில் மெட்ராஸ் டெரஸை (மர உத்திரங்களின் மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துப் போடும் பழைய தளக் கூரை) பிரித்து மறுபடி போட வேண்டியிருந்தது. தெருப்பக்கம் மட்டும் அகலத்தை அளந்து, 3.31 மீட்டர் என்று குறித்து, அந்தக் கணக்கிலேயே தேக்கு உத்திரங்களை அறுக்கச் சொன்னேன். முற்றத்துப் பக்கம் அதே அறை 3.42 மீட்டர் என்பது உத்திரம் ஏற்றிய அன்றுதான் தெரிந்தது. கடைசி நான்குக்குச் சுவரில் ஊன்ற இடம் போதவில்லை. ஆசாரி ஒன்றும் சொல்லாமல் டீ குடிக்கப் போய்விட்டார்.

அதன் பிறகே ஸ்கேன் எடுத்தோம். கருவி லேசர் ஒளியை வீசி, சுவரிலும் தரையிலும் நொடிக்கு லட்சக்கணக்கான புள்ளிகளை அளந்தாலும், ஒளி நேராகப் படும் இடத்தை மட்டுமே அறியும் என்பதால், திண்ணை, தாழ்வாரம், மாடிப்படி என்று இருபதுக்கும் மேற்பட்ட இடங்களில் நிறுத்தி எடுத்து, அனைத்தையும் கணினியில் ஒன்றாகக் கோத்தார்கள். தெருச் சுவர் வெளிப்புறம் சாய்ந்திருந்தது அதில் தெளிவாகத் தெரிந்தது.

என் மனக்குறை அதற்குப் பிந்தியது. அந்த நிறுவனம் தந்த முப்பரிமாண மாதிரியில் நடு அறை மீண்டும் சரியான செவ்வகமாக இருந்தது! மென்பொருளில் நேர்ச்சுவர் வரைவது எளிது என்பதால், புள்ளிகளின் மேல் வரைந்தவர் கோணலைச் சத்தமில்லாமல் நிமிர்த்திவிட்டார். மூலப் புள்ளித் தரவைக் கேட்டால் தனிக்கட்டணம் என்றார்கள். ஆகவே முன்பணம் கொடுக்குமுன்பே, மூலத் தரவை இ57 (E57 என்ற பொதுவான புள்ளித் தரவு வடிவம்) கோப்பாகத் தர வேண்டும் என்பதையும், முப்பரிமாண மாதிரியானது ஸ்கேன் புள்ளிகளிலிருந்து எத்தனை மில்லிமீட்டர் விலகலாம் என்பதையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

நான் கருவி விற்பவன் என்று யாரும் எண்ண வேண்டாம். காரைக்குள் இருப்பது ஸ்கேனுக்குத் தெரியாது. சுவரில் புதைந்திருந்த உத்திர முனை மக்கியிருந்ததை ஆசாரி உளியால் குத்தித்தான் கண்டுபிடித்தார்.

முடிந்தால் ஐப்பசிக்கு முன்பே எடுத்துவிடுங்கள். கடற்கரைச் சாலையில் பிரெஞ்சுக்காரர் காலத்து நகராட்சிக் கட்டடமான மேரி கட்டடம் 2014 நவம்பர் மழையில்தான் இடிந்தது. முற்றத்தில் தண்ணீர் தேங்கினாலும் அளவு பிசகும். நிலைக்கண்ணாடிகளைத் துணியால் மூடச் சொல்லுங்கள்; எங்கள் கூடத்துக் கண்ணாடிக்குப் பின்னால், பக்கத்து வீட்டுக்காரர் மனைக்குள், இல்லாத ஓர் அறை புள்ளிகளில் முளைத்திருந்தது.