டிவியை மாற்றுவதற்கு முன் ரிமோட்டை எடுங்கள்

கேள்வி: சிங்கப்பூரிலிருந்து தம்பி கொண்டுவந்த பிளேஸ்டேஷன் 5-இல் மகன் துப்பாக்கிச் சண்டை விளையாடுகிறான். "பட்டனை அமுக்கி, கொஞ்சம் கழிச்சுத்தான் சுடுது; அதுக்குள்ள செத்துப்போறேன்" என்று புலம்பல். காரைக்குடியில் விசாரித்தால், உங்கள் டிவி 60 ஹெர்ட்ஸ் (விநாடிக்கு 60 படம்தான் காட்டும்), எக்ஸ்சேஞ்சில் 'மோஷன் ரேட் 240' டிவியும் கேமிங் கேபிளும் எடுங்கள் என்கிறார்கள். வாங்கலாமா?
- ஒரு வாசகி, தேவகோட்டை

பதில்: வேண்டாம் ஆச்சி. காசில்லாத வேலையை முதலில் பார்ப்போம். விளையாட்டு திரையில் ஓடும்போதே டிவி ரிமோட்டில் செட்டிங்ஸ் போய், பிக்சர் மோடில் 'கேம்' என்பதைப் போடச் சொல்லுங்கள். சீரியல் ஓடும்போது மாற்றினால் பல டிவிகளில் அது செட்டாப் பாக்ஸுக்கு மட்டும்தான் மாறும்.

டிவி வந்த படத்தை வந்தபடி காட்டாது. நிறத்தைக் கூட்டி, அசைவை வழுவழுப்பாக்கி, அலங்காரம் முடித்துத்தான் வெளியே விடும். சினிமா பார்க்கும்போது இது தெரியாது. விளையாட்டில் தெரியும். விநாடிக்கு 60 ஃபிரேம் ஓடும் விளையாட்டில் ஒரு படத்துக்கு 16.7 மில்லி செகண்ட். அலங்காரத்துக்கு டிவி 100 மில்லி செகண்ட் எடுத்தால் உங்கள் மகன் ஆறு படம் பழசைப் பார்த்துச் சுடுகிறான். கேம் மோடில் இது பெரும்பாலும் 10, 20-க்குள் வந்துவிடும்.

இப்போது அந்த 240. அது பல டிவிகளில் பேனலின் வேகமே அல்ல, விளம்பர எண். உள்ளே 60 அல்லது 120 ஹெர்ட்ஸ் பேனல்தான் இருக்கும். இரண்டு படங்களுக்கு நடுவே டிவியே ஒரு போலிப் படத்தை வரைந்து செருகும். அதை வரைய அடுத்த படம் வரும்வரை காத்திருக்க வேண்டும். அதாவது எந்த வசதியைக் காட்டி விற்கிறார்களோ, அதுவே தாமதத்தைக் கூட்டும். பெட்டியில் மின்சாரத்துக்கு நட்சத்திரம் ஒட்டியிருக்கிறது. இன்புட் லேக், அதாவது வந்த படத்தைத் திரையில் காட்ட டிவி எடுக்கும் தாமதம், எத்தனை என்று அச்சிட வைக்க மட்டும் ஆளில்லை. நூறு ஸ்டிக்கர் ஒட்டுகிறார்கள், தேவையான ஒன்றைத் தவிர.

கேபிள் இன்னும் மோசம். பிளேஸ்டேஷன் பெட்டியிலேயே வரும் எச்டிஎம்ஐ கேபிள் 4கே, 120 ஹெர்ட்ஸ் வரை தாங்கும். 'கேமிங்' என்று எழுதிய கேபிள் ஒரு மில்லி செகண்டைக்கூடக் குறைக்காது.

டிவி மிகப் பழசாகி, கேம் மோடே இல்லையென்றால்? அப்போதும் அவசரம் வேண்டாம். சில டிவிகளில் அந்த எச்டிஎம்ஐ இணைப்பின் பெயரை 'பிசி' என்று மாற்றினாலே அலங்காரமெல்லாம் நின்றுவிடும். அதுவும் இல்லையென்றால் பெரிய டிவியை விட்டுவிட்டு, பையன் அறைக்கு 120 ஹெர்ட்ஸுக்குக் குறையாத கணினி மானிட்டர் ஒன்று போதும். படத் துல்லியம் 1080பி போதும், அதைவிடக் கூடுதலான 1440பி வேண்டுமென்றாலும் 2022 முதல் பிளேஸ்டேஷன் 5 அதை ஏற்கிறது. ஸ்பீக்கர் இல்லாத மானிட்டர் என்றால் ஹெட்செட்டைக் கன்ட்ரோலரிலேயே செருகலாம். வீட்டுக்கும் நிம்மதி. டிவிதான் வேண்டும் என்று அவன் ஒற்றைக்காலில் நின்றால், பிளேஸ்டேஷனைக் கடைக்கே தூக்கிப் போங்கள். அதன் செட்டிங்ஸில் 'வீடியோ அவுட்புட் இன்ஃபர்மேஷன்' திரையைத் திறந்து பாருங்கள். அதில் 120 வந்தால் டிவி 120 ஹெர்ட்ஸை வாங்கிக்கொள்கிறது. வராவிட்டால் வாசல் பக்கம் நடையைக் கட்டுங்கள்.

பிளேஸ்டேஷனிலும் ஒரு சின்ன வேலை உண்டு. 'கேம் பிரீசெட்' பகுதியில் 'பெர்ஃபார்மன்ஸ் மோட்' வைத்தால், அதை ஏற்கும் விளையாட்டுகள் படத்தின் துல்லியத்தைக் கொஞ்சம் குறைத்து வேகத்தைக் கூட்டும்.

இத்தனைக்குப் பிறகும் தாமதமா? இணையமில்லாமல் தனியாகப் பயிற்சி விளையாடிப் பார்க்கட்டும். அங்கே பட்டனை அமுக்கியதும் சுட்டு, ஆன்லைனில் மட்டும் இழுத்தால் டிவிமேல் குற்றமில்லை. நம்ம ஊர் பழைய வீடுகளில் ரவுட்டர் முகப்பில் இருக்கும், பையன் இரண்டாம் கட்டில் உட்கார்ந்திருப்பான். நடுவே அந்தச் சுண்ணாம்புச் சுவர்களைத் தாண்டி வைஃபை போய்ச் சேர்வதே பெரிது. எக்ஸ்டெண்டர் விற்க வருவார்கள். வயரில்லாமல் வாங்கி வயரில்லாமலே அனுப்பும் ரகம் தாமதத்தைக் கூட்டத்தான் செய்யும். ரவுட்டரிலிருந்து பிளேஸ்டேஷனுக்கு நேரே போக லேன் வயர் வாங்குங்கள், 100 மீட்டர் வரை தாராளமாக இழுக்கலாம். பங்காளிகளுக்கும் பாத்தியமுள்ள வீடானால் சுவரில் ஓட்டை போட வேண்டியதில்லை; தட்டையான வயர் கதவிடுக்கில் போகும், வளவின் (முற்றத்தைச் சுற்றிய பகுதி) ஓரமாக ஒட்டிக்கொண்டே வந்துவிடலாம்.