ஊர்க்காரர்களைச் சேர்த்து இணையவழிச் சமையல் குழு தொடங்குவது எப்படி?

எந்தச் செயலி நல்லது, எத்தனை பேரைச் சேர்க்கலாம், எந்தப் பலகாரத்தில் ஆரம்பிக்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். ஆறு ஆண்டுகளுக்குள் நாங்கள் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன். ஆனால் செயலிக்கு முன்னால் ஒன்று இருக்கிறது. உங்கள் தெருவில் யாருடைய கைப்பக்குவத்தைக் கற்றுக்கொள்ளாமல் விட்டால் பின்னால் வருந்துவீர்கள்? முதலில் அந்த ஒருவரின் வீட்டுக்குப் போய்ப் பேசுங்கள். அவர் சம்மதித்துவிட்டால் குழு பாதி அமைந்த மாதிரி.

எங்கள் ஊர் பாலக்காட்டு மாவட்டம் சித்தூர் தாலுகாவில், கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கம். மாநிலம் கேரளம், வீட்டில் பேச்சு தமிழ். கோபாலபுரம் சோதனைச்சாவடியைத் தாண்டினால் பொள்ளாச்சி. பெண் கொடுத்ததும் எடுத்ததும் இரண்டு பக்கமும்தான். துணி எடுக்க அங்கே போவோம், ரேஷன் வாங்க இங்கே நிற்போம். 2020 மார்ச் 25 அன்று ஊரடங்கு தொடங்கிய பிறகுதான் எல்லை என்ற சொல்லுக்கு என்ன பொருள் என்று எங்களுக்குத் தெரிந்தது. ஒரு மணி நேர பஸ் தூரத்தில் இருந்த அக்கா வீட்டுக்குப் போக, பதிவும் அனுமதிச் சீட்டும் வேண்டும் என்றாகிவிட்டது.

அந்த வருடம் சித்திரை ஒன்றும் விஷுவும் ஏப்ரல் 14 அன்று ஒன்றாக வந்தன. எப்போதும் அன்றைக்கு அக்கா குடும்பம் எங்கள் வீட்டில் இருக்கும். எதிர்வீட்டுச் சேச்சி பாயசம் கொண்டுவருவார். அன்று யாரும் வரவில்லை. அம்மா அடுப்படியில் வெறுமனே நின்றுகொண்டிருந்ததைப் பார்த்துத்தான் வாட்ஸ்ஆப்பில் அக்காவை அழைத்தேன். உடுமலைச் சித்தியையும் சேச்சியையும் சேர்த்தேன். அப்போது ஒரு வீடியோ அழைப்பில் நான்கு பேர்தான் இருக்க முடியும். நான்கு வீடு, நான்கு அடுப்பு. “விருந்துச் சமையல் வேண்டாம். எல்லார் வீட்டிலும் அரிசியும் பருப்பும் இருக்கும். அரிசிபருப்புச் சாதம் வைப்போம்” என்றார் அம்மா.

இரண்டு பங்கு அரிசிக்கு அரைப் பங்கு துவரம்பருப்பு. எண்ணெயில் கடுகு, சீரகம், வரமிளகாய், கறிவேப்பிலை, நான்கைந்து பல் பூண்டு, ஒரு கைப்பிடி சின்ன வெங்காயம், பிறகு தக்காளி. ஆறரைப் பங்கு தண்ணீர். கொங்கு நாட்டில் அரை மணி நேரத்தில் முடியும் சமையல். சேச்சி அதற்கு முன் அதைச் செய்ததே இல்லை. மூடியைத் திறந்ததும் நான்கு திரையிலும் ஆவி எழுந்தது. நால்வரும் தட்டில் போட்டுக்கொண்டு அழைப்பைத் துண்டிக்காமல் உட்கார்ந்து சாப்பிட்டோம். அந்தச் சாப்பாடுதான் எங்கள் குழு.

இதை விரிவாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. நிறையப் பேர் குழு தொடங்குகிறேன் என்று சொல்லி, ஒருவர் செய்து காட்ட மற்றவர்கள் பார்க்கும் நிகழ்ச்சியாக அதை ஆக்கிவிடுகிறார்கள். பார்ப்பதற்கு யூடியூப்பில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். எல்லா வீட்டிலும் ஒரே நேரத்தில் அடுப்பு எரிய வேண்டும், கடைசியில் எல்லாரும் சேர்ந்து சாப்பிட வேண்டும். இந்த இரண்டில் ஒன்று போனாலும் மூன்றாவது வாரத்திலிருந்து ஆள் குறையும். எங்களுக்கே இரண்டு முறை அப்படி ஆகியிருக்கிறது.

செயலி பற்றி. அந்த ஏப்ரல் கடைசியில் வாட்ஸ்ஆப் எட்டுப் பேரை அனுமதித்தது; 2022இல் 32 ஆக்கியது. ஜூம் இலவசக் கணக்கில் ஓர் அழைப்புக்கு 40 நிமிடம்தான். கூகுள் மீட்டில் 60 நிமிடம். வயதானவர்கள் இருக்கும் குழுவுக்கு வாட்ஸ்ஆப்பையே சொல்வேன், புதிதாக எதையும் கற்றுக்கொள்ள வேண்டியதில்லை. ஆனால் 32 பேரைச் சேர்க்காதீர்கள். எட்டு அடுப்புக்கு மேல் போனால் யாருடைய வாணலியில் என்ன நிறம் இருக்கிறது என்று சொல்லிக்கொடுப்பவருக்குத் தெரியாது. ஆள் கூடினால் இரண்டு குழுவாகப் பிரித்துவிடுங்கள். நாங்கள் இடையில் சில மாதம் ஜூமில் இருந்தோம். அந்த 40 நிமிடக் கெடு ஒரு நல்ல பழக்கத்தைக் கொடுத்தது. ஊறவைப்பது, அரைப்பது, நறுக்குவது எல்லாம் அழைப்புக்கு முன்பே முடிந்திருக்க வேண்டும் என்று விதி வைத்தோம். மிக்ஸி சத்தத்தில் யாருடைய பேச்சும் கேட்காது என்பதால் இன்றும் அதை மாற்றவில்லை.

போனைக் கையில் பிடிக்க வேண்டாம். அரிசி டப்பாவின் மேல் சாய்த்து, அடுப்பிலிருந்து ஒரு முழம் தள்ளி, வாணலியின் உட்பக்கம் தெரிகிற மாதிரி வையுங்கள். எண்ணெய் காயும் வீட்டில் போனை எட்டிப் பிடிக்கப் போய் ஒருவர் சுட்டுக்கொண்டார். முகம் தெரிய வேண்டியது சாப்பிடும்போதுதான்.

இனி, எல்லையில் இருப்பவர்களுக்கு மட்டும் வரும் சிக்கல். எங்கள் வீட்டிலேயே அம்மா தமிழ்வழி படித்தவர், என் மகள் மலையாளவழி. அக்கா பிள்ளைகளுக்கு மலையாளம் வாசிக்கத் தெரியாது. சேச்சிக்குத் தமிழ் பேச வரும், எழுத்து தெரியாது. பொருள் பட்டியலை எந்த எழுத்தில் அனுப்புவது? ஒருமுறை சேச்சி எரிசேரிக்கு மத்தன் வேண்டும் என்று சொல்லி அனுப்பினார். தர்ப்பூசணியை மலையாளத்தில் தண்ணிமத்தன் என்பார்கள். அதை மட்டும் அறிந்திருந்த அக்கா, தர்ப்பூசணியிலா குழம்பு வைப்பார்கள் என்று எனக்கு போன் செய்து கேட்டார். சேச்சி சொன்னது நாங்கள் அரசாணிக்காய் என்று சொல்லும் மஞ்சள் பூசணியை. கும்பளங்கா என்றால் வெள்ளைப் பூசணி. வெளுத்துள்ளி என்றால் பூண்டு. வன்பயறு என்றால் சிவப்புத் தட்டைப்பயறு. அன்றிலிருந்து பட்டியல் எழுத்தில் போவதில்லை. சொல்லிக்கொடுக்கப்போகிறவர் மூன்று நாள் முன்னால் தன் குரலில் பேசி அனுப்புவார். கூடவே பொருள்களை முறத்தில் பரப்பி ஒரு படம். எழுத்து தெரியாதவர்கள் குழுவில் இருக்கிறார்கள் என்பதைக்கூட யாரும் உணர வேண்டியதில்லாமல் போயிற்று. அதுதான் எனக்கு மிகப் பிடித்த மாற்றம்.

அளவும் அப்படித்தான். நம் பழைய கணக்கில் நாழியும் படியும் ஒன்று, எட்டு ஆழாக்கு. மலையாளத்து நாழி வேறு. நான்கு நாழி சேர்ந்தால் ஓர் இடங்கழி. சொல் ஒன்றாக இருந்தும் பாத்திரம் வேறு. டம்ளர் இன்னும் மோசம், வீட்டுக்கு வீடு மாறும். எட்டு வீடும் ஒரே அளவுக் கரண்டித் தொகுப்பு வாங்கலாம் என்று ஒருவர் சொன்னார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. தன் வீட்டில் இருக்கும் எந்தப் பாத்திரத்தையும் எடுத்துக்கொள்ளட்டும். நாம் பங்கில் பேசுவோம் என்றேன். ஒரு பங்கு அரிசி, கால் பங்கு பருப்பு. பங்கில் பேசினால் இரண்டு பேர் இருக்கும் வீடும் பத்துப் பேர் இருக்கும் வீடும் ஒன்றாகச் சமைக்க முடிகிறது.

நோன்புக் கஞ்சி நாளைச் சொல்லாமல் இந்தப் பதிலை முடிக்க முடியாது. பாலக்காட்டில் ராவுத்தர் குடும்பங்கள் நிறைய. வீட்டில் தமிழ்தான் பேசுவார்கள். எங்கள் தெருக்கோடியில் ஒரு வீடு. அந்த வீட்டுப் பாட்டியைத் தெருவே நன்னி என்று அழைக்கும். 2020 ஏப்ரல் கடைசியில் நோன்பு தொடங்கியது. பள்ளிவாசலில் கஞ்சி காய்ச்சி ஊருக்கு ஊற்ற முடியாத வருடம் அது. எங்கள் வீட்டுக்கும் வருடம் தவறாமல் ஒரு தூக்குப்பாத்திரம் கஞ்சி வரும். அம்மாதான் சொன்னார்: “நன்னியைக் கேள். அவர் சொல்லித் தரட்டும், நாம் காய்ச்சிக்கொள்வோம்.”

நன்னிக்கு வீடியோவில் வர மனமில்லை. பேரன் போனை அடுப்புப் பக்கம் திருப்பி வைத்தான். நாங்கள் பார்த்தது அவருடைய கைகளை மட்டும். மாலை நாலரைக்கு ஆரம்பித்தோம். துபாயில் வாட்ஸ்ஆப் அழைப்பு வேலை செய்யாது என்பதால் அன்று ஜூமில் கூடினோம், கெடு முடிய முடிய மறுபடி சேர்ந்துகொண்டோம். துபாயில் இருக்கும் அவர் மகனும் வந்தார், அங்கே மணி மூன்று. அப்போது கேரள அரசு எல்லா ரேஷன் அட்டைக்கும் 17 பொருள் கொண்ட பை கொடுத்திருந்தது. அதிலிருந்த பச்சைப்பயறும் வெந்தயமும் எங்கள் தெருவில் எல்லார் வீட்டிலும் இருந்தன. நன்னி அவற்றை வைத்தே சொல்லிக்கொடுத்தார். பச்சரிசி நொய் ஒரு பங்கு, வறுத்து உடைத்த பச்சைப்பயறு கால் பங்கு, வெந்தயம் ஒரு சின்னக் கரண்டி, தண்ணீர் எட்டுப் பங்கு. இஞ்சி பூண்டு விழுது, பட்டை ஒரு துண்டு, கிராம்பு இரண்டு, வெங்காயம், தக்காளி, புதினா, மல்லித்தழை. அரிசி குழைந்த பிறகுதான் தேங்காய்ப்பால். “பால் ஊற்றிய பிறகு கொதிக்க விடாதே கண்ணு. ஓரத்தில் நுரை கட்டும்போதே இறக்கிவிடு” என்றார். கொதித்தால் பால் திரிந்து எண்ணெய் தனியே நிற்கும். கறி சேர்ப்பவர்கள் கொத்துக்கறியைத் தனியே வதக்கி வைத்திருந்தார்கள். சைவ வீடுகள் அதற்கு முன்னாலேயே தங்கள் பங்கை எடுத்துவிட்டன. உங்கள் குழுவில் சைவமும் அசைவமும் கலந்திருந்தால், இப்படி நடுவில் பிரிகிற சமையலைத் தேர்ந்தெடுங்கள். எந்த வீடும் வெளியே நிற்க வேண்டியிராது.

நேரம் ஆனதும் அன்று நன்னி வீட்டார் நோன்பு திறந்தார்கள். நாங்கள் ஏழு வீட்டிலும் அவர் முதல் வாய் குடிக்கும்வரை காத்திருந்து பிறகு குடித்தோம். துபாய்க்காரர் அங்கே இன்னும் ஒன்றரை மணி நேரம் காத்திருக்க வேண்டும். அவர் சட்டியை மூடிவைத்துவிட்டு எங்களைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

எங்கள் பெரிய தவறும் நன்னி விஷயத்தில்தான். சில மாதம் கழித்து, குழுவில் இருந்த ஓர் இளையவர், நன்னி பத்திரி (அரிசிமாவு ரொட்டி) சுட்ட அழைப்பைப் பதிவுசெய்து பொதுவெளியில் போட்டுவிட்டார். கெட்ட எண்ணம் இல்லை; நாலு பேருக்குப் பயன்படட்டும் என்றுதான். ஆனால் அன்று பேரன் போனைச் சரியாக வைக்கவில்லை. வீட்டுக்குள் இருக்கும் கோலத்திலேயே நன்னி முகம் முழுவதும் தெரிந்துவிட்டது. அவர் ஒன்றும் சொல்லவில்லை, வருவதை நிறுத்திக்கொண்டார். மூன்று வாரம் கழித்துத்தான் எனக்குக் காரணம் தெரிந்தது. காணொளியை நீக்கச் சொல்லிவிட்டு, முகக்கவசத்தோடு அவர் வீட்டுத் திண்ணையில் போய் நின்று மன்னிப்புக் கேட்டேன். குழுவைத் தொடங்கியவள் நான். முதல் நாளே இதைப் பேசியிருக்க வேண்டியவளும் நான். அன்று முதல் எங்கள் குழுவில் எந்த அழைப்பும் பதிவு செய்யப்படுவதில்லை. குறிப்பு வேண்டுமானால் கையால் எழுதிக்கொள்ளலாம், சொல்லிக்கொடுத்தவர் பெயரோடு. தயவுசெய்து நீங்கள் முதல் அழைப்புக்கு முன்பே இதை எல்லாரிடமும் பேசிவிடுங்கள்.

திரையில் கற்றுக்கொடுக்க முடியாதது பதம். ராமசேரி இட்லி தெரிந்திருக்கும். பாலக்காட்டுக்குப் பக்கத்தில் எலப்புள்ளியைச் சேர்ந்த ராமசேரியில், தமிழ்நாட்டிலிருந்து வந்து குடியேறிய முதலியார் குடும்பங்கள் தலைமுறையாகச் செய்வது. மண்சட்டி வாயில் நூலால் வலை கட்டி, மேலே துணி விரித்து, மாவை ஊற்றி, விறகடுப்பில் வேகவைப்பார்கள். தோசை மாதிரித் தட்டையாக, பஞ்சு போல வரும். அதை வீட்டில் செய்துபார்க்க ஆசைப்பட்டோம். வாயகன்ற பாத்திரத்தில் மெல்லிய துணியை இறுக்கிக் கட்டினோம். முதல் முறை எட்டு வீட்டில் ஆறு வீட்டில் மாவு துணிக்குள் இறங்கி ஒட்டிக்கொண்டது. கெட்டியாகக் கரைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிப் பயனில்லை. எது கெட்டி என்று தொட்டுப்பார்க்காமல் தெரியாது. அம்மா ஒரு வழி கண்டுபிடித்தார். கரண்டியைக் கேமராவுக்கு நேரே தூக்கிக் கவிழ்த்துக் காட்டச் சொன்னார். மாவு நூலாக இறங்கினால் தண்ணீர் அதிகம். அறுந்து அறுந்து விழுந்தால் சரி. இப்போது எந்தச் சமையலுக்கும் கண்ணுக்குத் தெரிகிற, காதுக்குக் கேட்கிற அடையாளம் ஒன்றைச் சொல்லச் சொல்கிறோம். கடுகு வெடிப்பு அடங்கும் சத்தம், எண்ணெய் பிரிந்து ஓரத்தில் மினுங்குவது. அம்மா வயதுப் பெண்கள் இத்தனை காலம் கைப்பழக்கத்தில் செய்ததை இப்படிச் சொல்லாக மாற்றும்போது, தங்களுக்கு எவ்வளவு தெரியும் என்று அவர்களே வியந்துபோகிறார்கள். “இதையெல்லாம் யாரும் என்னிடம் கேட்டதே இல்லை” என்று சித்தி சொன்னார். எனக்கு மறக்காது.

பணம் வசூலிக்க வேண்டாம். வாரம் ஒருமுறை போதும், நாளும் நேரமும் மாறக்கூடாது. முறை வைத்துச் சொல்லிக்கொடுங்கள். ஒரே ஆள் தொடர்ந்து ஆசிரியராக இருந்தால் மற்றவர்கள் மாணவர்களாகவே நின்றுவிடுவார்கள். ஆண்களையும் முறையில் சேருங்கள். எங்கள் அக்கா வீட்டுக்காரர் கொள்ளு ரசம் வைத்த நாளில்தான் மற்ற வீட்டு ஆண்கள் அடுப்படிக்கு வந்தார்கள்.

இப்போது எல்லை திறந்திருக்கிறது, பஸ் ஓடுகிறது. ஆனாலும் சனிக்கிழமை மாலை அழைப்பு நிற்கவில்லை. இந்த வாரம் சித்தி முறை, இடியாப்பம் மாதிரிப் பிழியும் சந்தகை. புழுங்கலரிசியை மதியமே ஊறப்போடச் சொல்லி நேற்று குரல் வந்தது. பிழிவதற்குக் கருவி இல்லாத வீடுகள் இரண்டு இருக்கின்றன. நன்னி வீட்டில் ஒன்று சும்மா இருக்கிறதாம். அதை எடுத்து எண்ணெய் தடவி வைக்கச் சொல்லியிருக்கிறேன். நாளைக் காலை போய் வாங்கிக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.