சொந்தத் தோப்பில் கோடைக் கல்யாணம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

பங்குனி பிறந்துவிட்டால் எனக்கு வரும் கடிதங்களில் பாதி இதைப் பற்றித்தான். "மண்டபம் வேண்டாம், எங்கள் தோட்டத்திலேயே வைக்கலாமா?" பந்தல் வேலையில் தொடங்கி, பிறகு கல்யாண ஏற்பாடுகளையே முழுதாக எடுத்துச் செய்கிறவன் என்கிற முறையில், இந்த ஆசையை நான் எப்போதும் ஆதரிப்பேன். ஆனால் ஆசைக்கு முன்னால் தண்ணீர், நிழல், வண்டி வந்து திரும்பும் பாதை, இந்த மூன்றையும் பார்க்க வேண்டும். இந்த முறை வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

பொள்ளாச்சிப் பக்கம் நான்கு ஏக்கர் தென்னந்தோப்பு இருக்கிறது. வைகாசியில் மகளுக்குக் கல்யாணம், 500 பேர் வருவார்கள். மண்டபத்தைவிடச் செலவு குறையுமா?

குறையாது. மண்டப வாடகை மிச்சமாகும், அந்தப் பணம் பந்தலுக்கும் ஜெனரேட்டருக்கும் கழிப்பறைக்கும் தண்ணீர் லாரிக்கும் போய்விடும். நாற்காலி, பாத்திரம், அடுப்பு, குப்பை அள்ளுவது என்று மண்டபத்தில் கண்ணுக்குத் தெரியாமல் நடக்கிற ஒவ்வொன்றுக்கும் இங்கே நீங்கள்தான் ஆள் வைக்க வேண்டும்.

அப்படியானால் ஏன் செய்ய வேண்டும்? உங்கள் மகள் தவழ்ந்த மண்ணில் பந்தக்கால் ஊன்றுவதற்காக. அடுத்த கல்யாணக்காரர்கள் வந்து நிற்கிறார்கள் என்று யாரும் உங்களைக் கிளப்ப மாட்டார்கள். சாப்பிட்டுவிட்டுப் பெரியவர்கள் மரத்தடியில் கட்டில் போட்டுப் படுத்துப் பேசிக்கொண்டிருக்கலாம். இதற்காகச் செய்கிறீர்கள் என்றால் தாராளமாகச் செய்யுங்கள். பணம் மிச்சம் பிடிப்பதற்காக என்றால் மண்டபத்துக்கே போய்விடுங்கள்.

மே 20 வாக்கில் காலை 9 மணியிலிருந்து 10.30 வரை முகூர்த்தம் குறித்துக் கொடுத்திருக்கிறார்கள். வெயில் தாங்குமா?

தாங்காது. மே 4 வாக்கில் தொடங்கும் கத்திரி வெயில் 28 வாக்கில்தான் முடியும். உங்கள் தேதி அதன் நடுவில் இருக்கிறது. ஜோசியரிடம் மறுபடி போய், அதே நாளில் 4.30லிருந்து 6 மணிக்குள் பிரம்ம முகூர்த்தத்தில் வைக்க முடியுமா என்று கேளுங்கள். பெரும்பாலும் சம்மதிப்பார்கள்.

திறந்தவெளிக் கல்யாணத்துக்கு அந்த நேரத்துக்கு ஈடே கிடையாது. நாயனம் தொடங்கும்போது இன்னும் இருட்டாக இருக்கும். குத்துவிளக்கு வெளிச்சத்தில் மணவறை மட்டும் தெரியும். தாலி கட்டும் நேரத்துக்குக் கிழக்கே வெளுத்து, தென்னை மட்டைகள் கறுப்பாகத் தெரிய ஆரம்பிக்கும். அட்சதை போட்டு நிமிரும்போது முகங்கள் எல்லாம் தெரியும். எத்தனையோ கல்யாணம் பார்த்துவிட்டேன், அந்தக் கால் மணி நேரத்தில் இன்றைக்கும் வேலையை விட்டுவிட்டு நின்று பார்ப்பேன்.

அப்புறம் கணக்கும் சுலபமாகிவிடும். முந்தின நாள் மாலை 7 மணிக்கு வரவேற்பும் விருந்தும். மறுநாள் 6.30க்குப் பந்தி ஆரம்பித்தால் 9 மணிக்குள் டிபன் முடியும். மதியச் சாப்பாட்டை நெருங்கிய சொந்தத்துக்கு மட்டும் என்று சுருக்கி 11.30க்குப் போட்டுவிடலாம். உச்சி வெயில் வரும்போது தோப்பில் வீட்டு ஆட்கள்தான் இருப்பார்கள்.

ஓலைப் பந்தலா, தகரப் பந்தலா, துணிப் பந்தலா? ஓலை போட்டால் தீப்பிடிக்கும் என்று பயமுறுத்துகிறார்கள். (பட்டுக்கோட்டை)

வெயிலுக்குக் கீற்றுப் பந்தல்தான். தகரத்தின் கீழ் பத்து மணிக்கு மேல் உட்கார முடியாது, மேலே இருந்து அனல் இறங்கும். துணி வெளிச்சத்தைத் தடுக்கும், சூட்டைத் தடுக்காது. புதுக் கீற்றை நெருக்கமாக வேய்ந்து, முந்தின நாள் சாயங்காலம் மேலே தண்ணீர் தெளித்துவிட்டால், உள்ளே நுழைகிறவர்கள் தாங்களாகவே "அப்பாடா" என்பார்கள்.

பயமுறுத்துகிறவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. 2004 ஜனவரியில் ஸ்ரீரங்கத்தில் ஒரு கல்யாண மண்டபத்தின் மாடியில் போட்டிருந்த கீற்றுக் கொட்டகை தீப்பிடித்து, மாப்பிள்ளை உட்பட ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள். அதே ஆண்டு ஜூலையில் கும்பகோணம் பள்ளியில் 94 குழந்தைகள். அங்கே சமையலறைத் தீ கூரைக் கீற்றில் பற்றியது. பந்தல் தொழிலில் இருக்கிற எவரும் அந்த ஆண்டை மறக்கக் கூடாது என்று நினைக்கிறேன்.

ஆகவே என் வேலையில் சில விஷயங்களை நான் விட்டுக்கொடுப்பதே இல்லை. கீற்றுக்குள் மின் வயர் ஓடக் கூடாது. சவுக்குக் கம்பத்தோடு சேர்த்து பி.வி.சி. குழாய்க்குள்தான் போக வேண்டும். வீடியோக்காரர்களின் விளக்கு பெரிய சூடு. அதைக் கூரையிலிருந்து ஐந்தடியாவது தள்ளி வைத்து, தனி லைன் கொடுப்பேன். மணவறைக்கு மேலே மட்டும் கீற்று வேயாமல், ஓமப்புகை வெளியே போக வழி விட்டு உயரத்தில் ஒரு தகரம் போட்டுவிடுவேன். பந்தல் உயரம் 12 அடிக்குக் குறையக் கூடாது, மூன்று பக்கமாவது அடைப்பில்லாமல் திறந்திருக்க வேண்டும். சமையல் கொட்டகை பந்தலை ஒட்டி வரவே கூடாது. நூறடி தள்ளி, அதுவும் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்துப் போட வேண்டும். கொங்குப் பக்கம் வைகாசியில் மேல்காற்று பிடித்துவிடும், அங்கே சமையல் கிழக்கே இருந்தால் பொறி பந்தல் பக்கம் வராது. உங்கள் ஊரில் மத்தியானத்துக்கு மேல் கடல்காற்று கிழக்கிலிருந்து வரும், நீங்கள் மேற்கே போடுங்கள்.

இன்னொன்று, மருந்தடிக்கிற விசைத்தெளிப்பான் பெரும்பாலான தோட்டங்களில் இருக்கும். அதை நன்றாகக் கழுவி, தண்ணீர் நிரப்பி, இயக்கத் தெரிந்த ஒரு ஆளோடு பந்தல் ஓரத்தில் நிறுத்திவிடுங்கள்.

மரத்தடியிலேயே மேடை போட ஆசை. ஏதாவது கவனிக்க வேண்டுமா?

தென்னை என்றால் கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்பு ஒரு வெட்டுப் போட்டுவிடுங்கள். மேடை, பந்தி, உட்காரும் இடம், இவற்றுக்கு மேலே இருக்கிற மரங்களில் முற்றிய காய் மட்டும் போதாது, காய்ந்த மட்டை, பன்னாடை, பாளை எல்லாவற்றையும் இறக்க வேண்டும். மட்டை விழுந்தாலும் மண்டை உடையும். ஒரு தோட்டத்தில் காயை மட்டும் பறித்துவிட்டு மட்டையை விட்டுவிட்டார்கள். விடிகாலையில் மணமகள் உட்கார வேண்டிய பலகைக்கு இரண்டு அடி தள்ளி ஒரு மட்டை விழுந்தது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அன்றிலிருந்து மரமேறுகிறவர் இறங்கி வந்த பிறகு நானே ஒவ்வொரு மரத்தையும் அண்ணாந்து பார்க்காமல் மேடை போடுவதில்லை.

மாந்தோப்பு என்றால் இலைகளைப் பின்னிக் கூடு கட்டியிருக்கும் முசுறு எறும்பைப் பாருங்கள். பட்டுப்புடவைக்குள் நாலு முசுறு போனால் கல்யாணமே கலைந்துவிடும். கூடு இருக்கிற சிறு கிளையோடு வெட்டி அப்புறப்படுத்திவிடலாம். மருந்து அடிக்க வேண்டாம், கல்யாணத்துக்கு வருகிற பிள்ளைகள் மாங்காயைப் பறித்து அப்படியே கடிப்பார்கள்.

தேன்கூடு, கதண்டு என்கிற பெரிய குளவியின் கூடு இருந்தால் நீங்களே கைவைக்காதீர்கள். ஓமப்புகையும் மேளச் சத்தமும் அதைக் கிளப்பிவிடும். பக்கத்துத் தீயணைப்பு நிலையத்தில் சொன்னால் வந்து கதண்டை அழித்துக் கொடுப்பார்கள்.

பம்புசெட் கரண்ட் இருக்கிறதே, அதிலேயே விளக்குப் போட்டுக்கொள்ளலாமா?

வேண்டாம். அது விவசாயத்துக்கு என்று கொடுத்த இலவச இணைப்பு. வேறு காரியத்துக்கு எடுத்தால் அபராதம் வரும், இணைப்புக்கே ஆபத்து. மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் தற்காலிக இணைப்புக்கு எழுதிக் கொடுங்கள், மூன்று வாரம் முன்னாலேயே போங்கள். அது கிடைத்தாலும் ஜெனரேட்டர் ஒன்று நிற்க வேண்டும். கிராமத்து லைனில் கோடை இடி இடித்தால் கரண்ட் எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது.

சாப்பாட்டுப் பக்கம் மஞ்சள் விளக்காகப் போடுங்கள். வெள்ளை விளக்குக்குப் பூச்சி அதிகம் வரும். பெரிய வெள்ளை ஃபோக்கஸ் ஒன்றை நூறடி தள்ளித் தோட்டத்து மூலையில் வைத்தால் பூச்சியெல்லாம் அங்கே போய்விடும்.

தண்ணீரும் கழிப்பறையும் எவ்வளவு வேண்டும்?

இந்தக் கேள்வியைக் கேட்ட அம்மாவுக்கு என் வணக்கம். அலங்காரத்தைப் பற்றி இருபது பேர் எழுதினால் இதை ஒருவர்தான் கேட்கிறார். ஊரிலிருந்து வந்த பெண்கள் நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பதை நான் எத்தனையோ கல்யாணத்தில் பார்த்திருக்கிறேன். அந்த வெயிலில் அது உடம்புக்கு ஆகாது.

என் கணக்கு இது. 500 பேருக்குக் குறைந்தது பத்து கழிப்பறை, அதில் ஆறு பெண்களுக்கு. வாடகைக்குக் கிடைக்கிற நடமாடும் கழிப்பறை போதும். கிணற்றிலிருந்து நன்றாகத் தள்ளி வையுங்கள், போகிற வழியில் விளக்குப் போடுங்கள். கதவுக்கு உள்பக்கம் கைப்பை மாட்ட ஒரு கொக்கி, புடவை நனையாமல் நிற்க ஒரு மரப்பலகை, குப்பைக்கு மூடி போட்ட கூடை. சுத்தம் செய்ய ஆணும் பெண்ணுமாக இரண்டு பேரை, நல்ல சம்பளம் கொடுத்து, அங்கேயே இருக்கச் சொல்லுங்கள். அவர்களுக்கும் முதல் பந்தியில் இலை போடுங்கள்.

சமையல், பாத்திரம், கை கழுவ, கழிப்பறை எல்லாம் சேர்த்து, முந்தின நாள் மாலையிலிருந்து மறுநாள் மதியம் வரை தலைக்கு 25 லிட்டர் வைத்துக்கொள்கிறேன். 500 பேருக்கு 12,500 லிட்டர். ஆழ்குழாயில் தண்ணீர் வரும் என்று நம்பி இருக்காமல் முந்தின நாளே தொட்டிகளில் நிரப்பிவிடுங்கள். குடிக்கத் தனியாக 20 லிட்டர் கேன் நாற்பது. இதோடு வாசலிலேயே மண்பானையில் நீர்மோரும் பானகமும் இருந்தால், வந்தவுடன் ஒரு டம்ளர் கொடுத்து உட்கார வைக்கலாம்.

கிணறு பற்றி நீங்கள் கேட்கவில்லை, நான் சொல்லியே ஆக வேண்டும். கைப்பிடிச் சுவர் இல்லாத தரைக்கிணறு என்றால் சுற்றிலும் தகரம் அடித்து மூடுங்கள். கயிறு கட்டுவது பிள்ளைகளைத் தடுக்காது. இரவு முழுக்க அங்கே ஒரு விளக்கும் ஒரு ஆளும் இருக்க வேண்டும்.

எங்கள் நிலம் கரிசல். கோடை மழை வந்துவிட்டால்? (கோவில்பட்டி)

கரிசலில் பத்து நிமிடம் மழை பெய்தால் கார் நகராது, செருப்போடு மண் ஒரு கிலோ வரும். ரோட்டிலிருந்து பந்தல் வரை பத்தடி அகலத்துக்குக் கிராவல் அடித்துவிடுங்கள். பந்தலுக்குள்ளும் அரை அடி உயர்த்திக் கிராவல் போட்டு இறுக்குங்கள், சுற்றி ஒரு சிறு வாய்க்கால் வெட்டுங்கள். கார்களை உள்ளே விடவே வேண்டாம், தார் ரோட்டுப் பக்கமே நிறுத்த அக்கம்பக்கத்து அறுவடை முடிந்த நிலத்தைக் கேட்டு வாங்குங்கள். கேட்கும்போதே பத்திரிகையும் வைத்துவிடுங்கள்.

கோடை மழை பெரும்பாலும் சாயங்காலத்துக்கு மேல்தான் வரும். ஆகவே ஆபத்து முந்தின நாள் விருந்துக்குத்தான். பந்திக் கொட்டகைக்கு மட்டும் நல்ல சாய்வோடு தகரம் போடுங்கள், இரவில் அதன் சூடு தெரியாது. இடி விழும் நேரத்தில் யாரையும் தனிப் பனைமரத்தடியில் நிற்க விடாதீர்கள், வீட்டுக்குள்ளோ காருக்குள்ளோ அனுப்புங்கள்.

நிலத்தைக் கல்யாணத்துக்காக உழுது போடவும் வேண்டாம். உழுத மண்ணில் நாற்காலி புதையும், புழுதி பறக்கும். புல்லை வெட்டிவிட்டு இரண்டு நாள் முன்பு லேசாகத் தண்ணீர் விட்டால் போதும்.

மைக் செட்டுக்கு அனுமதி வேண்டுமா?

வேண்டும், போலீஸ் ஸ்டேஷனில் எழுத்து மூலமாக வாங்க வேண்டும். இரவு 10லிருந்து காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாது என்பது சட்டம். விடியற்காலை முகூர்த்தத்துக்கு நாயனமும் தவிலும் போதும், அதைக் கூம்பு ஸ்பீக்கரில் விட வேண்டாம். வெடியும் வேண்டாம், வைக்கோல் போர் இருக்கிற இடம், மாடு கன்று மிரளும்.

சிங்கப்பூரிலிருந்து எழுதுகிறேன். தாத்தாவின் ஊர் நிலத்தில் கல்யாணம். மண்டப ரசீது இல்லாமல் பதிவு செய்ய முடியுமா?

முடியும். பத்திரிகையில் இடத்தைக் கிராமம், வட்டம், மாவட்டம் என்று தெளிவாக அச்சடியுங்கள். தமிழ்நாட்டின் 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி கல்யாணம் நடந்த 90 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும், தவறினால் கூடுதல் கட்டணத்தோடு இன்னும் 60 நாள். கல்யாணம் நடந்த இடத்துக்குரிய சார்பதிவாளர் அலுவலகத்தில், விமானம் ஏறுவதற்கு முன்பே முடித்துவிடுங்கள்.

சாப்பாடு மீந்தால் மாட்டுக்குப் போட்டுவிடலாம்தானே?

இலையைப் போடலாம், சோற்றைக் கொட்டாதீர்கள். மாடு சமைத்த சோற்றை அளவு மீறித் தின்றால் வயிற்றில் புளித்து, உப்புசம் வந்து, செத்துக்கூடப் போகும். கல்யாண வீட்டு மறுநாளில் இப்படி ஒரு கறவை மாட்டை இழந்த குடும்பம் எனக்குத் தெரியும். மாடுகளை அன்று தள்ளிக் கட்டுங்கள்.

மீந்துபோகாமல் பார்ப்பது நல்லது. தேங்காய்ச் சட்னியும் பால் பாயசமும் கோடையில் சீக்கிரம் கெடும். ஒரே தடவையாக அரைக்காமல் பந்திக்குப் பந்தி அரைக்கச் சொல்லுங்கள். நல்ல நிலையில் மீந்ததை அந்த மணி நேரத்துக்குள் பக்கத்துத் தெருவுக்குக் கொடுத்துவிடுங்கள்.

பிளாஸ்டிக் பூச்சுப் பேப்பர் கப், மேசை விரிப்பு, தண்ணீர்ப் பாக்கெட் இவையெல்லாம் 2019 ஜனவரி 1லிருந்து தமிழ்நாட்டில் தடை. வாழை இலையும் வாடகை எவர்சில்வர் டம்ளரும் வைத்துக்கொண்டால், கடைசியில் குழிக்குப் போவது எல்லாம் மட்கும். தென்னை வரிசைகளுக்கு நடுவே இரண்டடி ஆழத்தில் நீளக் குழி ஒன்றை முன்கூட்டியே வெட்டி வையுங்கள். எச்சில் இலையை ஒவ்வொரு பந்திக்குப் பிறகும் அதில் போட்டு, மேலே சாணிக் கரைசலைத் தெளித்து மண் தள்ளி மூடினால் நாயும் வராது, ஈயும் வராது. அடுத்த மழைக்கு அது அந்த மரங்களுக்கே உரம்.