கணினி கேள்வி–பதில்: ரௌட்டர் இருக்குமிடத்தைக் கணினிக்கு யார் சொல்வது?

இம்முறை வந்த கடிதங்களில், வீட்டு வலையமைப்பு பற்றியவற்றை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

கேள்வி (ஈசூன் வாசகர்): மகளுக்குப் புதிய மடிக்கணினி வாங்கினோம். வைஃபை கடவுச்சொல்லைத் தவிர வேறெதையும் நாங்கள் அதில் பதியவில்லை. ஆனாலும் எங்கள் வீட்டு ரௌட்டரின் முகவரி அதற்குத் தெரிந்திருக்கிறது. யார் சொல்லிக் கொடுத்தது?

பதில்: ரௌட்டரேதான் சொல்லிக் கொடுத்தது. அதுவும் இரண்டு வெவ்வேறு வழிகளில் சொல்லியிருக்கும்.

கடவுச்சொல் ஏற்கப்பட்டவுடன் மடிக்கணினி உங்கள் வீட்டு இணைப்புக்குள் வந்துவிடுகிறது. வீட்டிலுள்ள அச்சுப்பொறியோடு பேசுவதற்கு அது கிட்டத்தட்டப் போதும். ஆனால் வெளியுலகுக்குப் போக வேண்டிய தரவுப் பொட்டலங்களை யாரிடம் ஒப்படைப்பது என்பது இன்னும் அதற்குத் தெரியாது. ஐபிவி4 என்ற பழைய இணைய முகவரி முறையில் இதைப் பெரும்பாலும், முகவரிகளை ஒதுக்கித் தரும் டிஎச்சிபி என்ற ஏற்பாடு கவனித்துக்கொள்கிறது. 'எனக்கு ஒரு முகவரி வேண்டும்' என்று கணினி இணைப்பு முழுவதற்கும் கேட்கும்படி கேட்கிறது. ரௌட்டருக்குள் இயங்கும் டிஎச்சிபி சேவை அதற்கு ஒரு முகவரியை ஒதுக்கி, கூடவே ரௌட்டரின் முகவரியையும் அனுப்பிவைக்கிறது.

இரண்டாவது வழியில் கணினி முகவரி எதையும் கேட்டுப் பெற வேண்டியதில்லை. 'நான் இங்கே இருக்கிறேன்' என்று ரௌட்டர் தன்னைத் தானே அறிவித்துக்கொள்கிறது. இந்த யோசனை 1991 செப்டம்பரில் ஆர்எஃப்சி எனப்படும் இணையத் தொழில்நுட்ப ஆவண வரிசையில் 1256 என்ற எண்ணோடு வெளிவந்தது. அதைத் தொகுத்தவர் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்ட்டோ ஆய்வு மையத்தில் பணியாற்றிய ஸ்டீவ் டீரிங். அதற்கு முன்பு, ரௌட்டர் முகவரிகளை ஒரு கோப்பில் எழுதி வைத்துக் கணினி தொடங்கும்போது படிக்கச் செய்வார்கள். இல்லையென்றால், ரௌட்டர்கள் தங்களுக்குள் பரிமாறிக்கொள்ளும் பாதைத் தகவல்களைக் கணினி ஒட்டுக்கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். டீரிங்கின் முறையில் ரௌட்டர் 7 முதல் 10 நிமிடங்களுக்கு ஒருமுறை அறிவிப்பு அனுப்பும். அந்த அறிவிப்பு 30 நிமிடங்கள் செல்லுபடியாகும். நல்ல முறைதான், ஆனால் ஐபிவி4 உலகில் டிஎச்சிபி முந்திக்கொண்டதால் இது பெரிதாகப் பரவவில்லை.

ஐபிவி6 என்ற புதிய இணைய முகவரி முறை வந்தபோது இதே யோசனை விருப்பத் தேர்வு என்ற நிலையிலிருந்து அடித்தளமாகவே மாறியது. இப்போது நடைமுறையிலிருக்கும் விதிகள் 2007-இல் வெளிவந்த ஆர்எஃப்சி 4861-இல் இருக்கின்றன. உங்கள் மகளின் மடிக்கணினி இணைப்புக்குள் நுழைந்ததும், எல்லா ரௌட்டர்களுக்கும் பொதுவான குழு முகவரிக்கு 133 எண்ணுள்ள வினாச் செய்தி ஒன்றை அனுப்பும். பதில் வராவிட்டால் 4 விநாடி இடைவெளியில் மொத்தம் மூன்று முறை வரை கேட்கும். ரௌட்டர் 134 எண்ணுள்ள அறிவிப்பால் பதில் தரும். தன்னை எத்தனை விநாடிகளுக்கு ரௌட்டராகக் கொள்ளலாம், இந்த இணைப்பின் முகவரிகளுக்கு முற்பகுதி எது, இணையத்தளப் பெயர்களுக்கு முகவரி கண்டுபிடித்துத் தரும் டிஎன்எஸ் சேவையை எங்கே கேட்பது என்பவையெல்லாம் அந்த ஒரே அறிவிப்பில் அடங்கியிருக்கும். முற்பகுதியின் 64 பிட்டுகளோடு மீதி 64 பிட்டுகளைத் தானே சேர்த்துக்கொண்டு கணினி தன் முகவரியை அமைத்துக்கொள்கிறது.

இதில் நினைவில் கொள்ள வேண்டியது, கணினிக்குக் கிடைப்பது நிலையான ஒரு அமைப்பு அன்று, காலாவதித் தேதியோடு வரும் ஒரு அறிவிப்பு என்பதே. கீழே வரும் கேள்விகளில் பெரும்பாலானவற்றுக்கு விடை அங்கிருந்துதான் பிறக்கிறது.

கேள்வி (பொங்கோல் வாசகர்): எங்கள் வீட்டில் ரௌட்டர் பாம் ஷெல்டர் எனும் காப்பறைக்குள் இருப்பதால் படுக்கையறைகளுக்கு வைஃபை எட்டுவதில்லை. கையிலிருந்த பழைய ரௌட்டரைக் கேபிள் மூலம் அதனுடன் இணைத்தேன். அதன்பின் சில நேரம் இணையம் வருகிறது, சில நேரம் வருவதில்லை. ரௌட்டர் பழுதா?

பதில்: பழுதாக இருக்க வாய்ப்பு குறைவு. கேபிளின் இரு முனைகளையும் நீங்கள் லேன் துளைகளில், அதாவது வீட்டுக் கருவிகளுக்கான துளைகளில், செருகியிருப்பீர்கள் என்று ஊகிக்கிறேன்.

1990களின் இறுதிக்குப் பிறகு கட்டப்பட்ட வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளில் பாம் ஷெல்டரின் சுவர் இரும்புக் கம்பி பாய்ச்சிய தடித்த கான்கிரீட், கதவும் எஃகு. ரௌட்டரை வைப்பதற்கு வீட்டிலேயே மிக மோசமான இடம் அதுதான் என்றாலும், கேபிள்கள் கண்ணில் படாமல் இருக்க வேண்டும் என்று பலரும் அங்கேயே வைத்துவிடுகிறார்கள். அதனால் இரண்டாவது ரௌட்டரைத் தேடியது நியாயமே. ஆனால் லேன் துளையிலிருந்து லேன் துளைக்கு இணைத்தால் இரண்டு ரௌட்டர்களும் ஒரே இணைப்பில் நிற்கின்றன. இரண்டிலும் டிஎச்சிபி இயங்குகிறது. கணினி கேட்கும்போது எது முந்திக்கொண்டு பதில் தருகிறதோ அதன் பேச்சையே கணினி எடுத்துக்கொள்கிறது. பழைய ரௌட்டர் முந்தினால் தன் முகவரியையே வெளிவாசலாகச் சொல்லும். வெளி இணைய இணைப்புக்கான அதன் வேன் (WAN) துளையிலோ எதுவுமே செருகப்படவில்லை. கணினி அனுப்பும் பொட்டலங்கள் அங்கேயே முடங்கிவிடுகின்றன.

இதை நீங்களே பார்க்கலாம். விண்டோஸ் கணினியில் கட்டளைச் சாளரத்தைத் திறந்து ஐபிகான்ஃபிக் (ipconfig) கட்டளையைத் தட்டி, வெளிவாசலைக் காட்டும் டிஃபால்ட் கேட்வே (Default Gateway) என்ற வரியை, இணையம் வரும்போது ஒருமுறையும் வராதபோது ஒருமுறையும் குறித்துக்கொள்ளுங்கள். முதலில் 192.168.1.1 என்றும் பின்னர் 192.168.0.1 என்றும் மாறியிருந்தால் ஐயத்திற்கு இடமில்லை. அதே வரியில் எஃப்இ80 (fe80) என்று தொடங்கும் முகவரியும் தென்படலாம். அது ஐபிவி6 அறிவிப்பின் வழியாகக் கண்டறியப்பட்ட ரௌட்டர். அப்படி இரண்டு இருந்தால், இரண்டு பெட்டிகளும் 'நானே ரௌட்டர்' என்று அறிவித்துக்கொண்டிருக்கின்றன. அறிவிப்பில் உயர்வு, நடுத்தரம், தாழ்வு என்று முன்னுரிமை குறிக்க 2005-இலேயே வழி செய்யப்பட்டது. ஆனால் இரண்டுமே நடுத்தரம் என்று சொன்னால் எதைத் தேர்வது என்பது இயங்குதளத்தின் விருப்பம். வெளி இணைப்பு இல்லாத வீட்டு ரௌட்டர் தன்னை வெளிவாசலாக அறிவிக்கக் கூடாது என்று பின்னாளில் விதி வந்தது. பழைய பெட்டிகளுக்கு அது தெரியாது.

தீர்வு எளிது. பழைய ரௌட்டரின் அமைப்புப் பக்கத்தில் 'அக்சஸ் பாயிண்ட்' முறை இருந்தால் அதற்கு மாற்றிவிடுங்கள். அதன்பின் அது வைஃபையைப் பரப்பும் வேலையை மட்டும் செய்யும். அந்த முறை இல்லையென்றால் டிஎச்சிபியையும் ஐபிவி6 அறிவிப்பையும் கையால் நிறுத்துங்கள். இதற்காகச் சிம் லிம் சதுக்கத்துக்குப் போய்ப் புதிய பெட்டி வாங்க வேண்டியதில்லை.

கேள்வி (கிளமெண்டி மாணவர்): 'நானே ரௌட்டர்' என்று யார் வேண்டுமானாலும் அறிவிக்கலாம் என்றால், வெளியிலிருந்து ஒருவர் பொய் அறிவிப்பு அனுப்ப முடியாதா?

பதில்: வெளியிலிருந்து முடியாது, உள்ளேயிருந்து முடியும்.

ஒவ்வொரு ஐபிவி6 பொட்டலத்திலும் தாவல் வரம்பு என்ற எண் இருக்கிறது. ஒரு ரௌட்டரைக் கடக்கும் ஒவ்வொரு முறையும் அது ஒன்று குறையும். அந்த எண்ணின் உச்ச மதிப்பு 255. அறிவிப்புச் செய்தி 255 என்ற மதிப்போடு வந்தால் மட்டுமே கணினி அதை ஏற்க வேண்டும் என்பது விதி. ஒரே ஒரு ரௌட்டரைக் கடந்து வந்திருந்தாலும் அது 254 ஆகிவிடும். கடவுச்சொல்லும் மறைகுறியீடும் இல்லாமல், வெறும் எண்ணைக் கொண்டே வெளியாரைத் தடுத்துவிடும் இந்த ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்தமானது.

உள்ளே இருப்பவரை இது தடுக்காது. வரவேற்பு மேசையில் யார் அமர்ந்திருந்தாலும் அவரையே அலுவலர் என்று நம்பிப் படிவத்தை நீட்டுவது போல, இணைப்பிலுள்ள எந்தக் கணினி அறிவித்தாலும் மற்றவை நம்பிவிடும். அப்படிச் செய்பவர் எப்போதும் தீயவராக இருக்க வேண்டும் என்பதில்லை. இணையப் பகிர்வு வசதியைத் தெரியாமல் முடுக்கிவிட்ட ஒரு மடிக்கணினியே போதும். 2011-இல் வெளிவந்த ஆர்எஃப்சி 6104 இந்தத் தவறான அறிவிப்புகளைப் பற்றியே பேசுகிறது. அதை அடுத்து வந்த 6105, ஆர்ஏ கார்டு என்ற காவலை விவரிக்கிறது: ரௌட்டர் இருக்கும் துளையிலிருந்து வரும் அறிவிப்பை மட்டும், கேபிள்களை ஒன்றிணைக்கும் ஸ்விட்ச் என்ற பெட்டி உள்ளே விடும், மற்றத் துளைகளிலிருந்து வருவதை அங்கேயே கைவிடும். அறிவிப்புக்குக் கையொப்பமிடும் செண்ட் என்ற முறை 2005-இலேயே வகுக்கப்பட்டது. ஆனால் பரவலாகப் புழங்கும் இயங்குதளங்கள் அதைச் சேர்த்துக்கொள்ளவில்லை. உங்கள் பள்ளி ஆய்வகத்தில் சோதிக்க ஆசை வந்தால், ஆசிரியரின் அனுமதியோடு, தனியே பிரித்த ஒரு ஸ்விட்சில் செய்யுங்கள்.

கேள்வி (உட்லண்ட்ஸ் வாசகர்): ரௌட்டரை அணைத்துவிட்டால் கணினி அதை எப்போது மறக்கும்? மின்சாரம் தடைப்பட்டுத் திரும்பியபின் சில இணையத்தளங்கள் திறக்கத் தாமதமாவது ஏன்?

பதில்: ஒழுங்காக நிறுத்தப்படும் ரௌட்டர், செல்லுபடிக் காலம் பூஜ்யம் என்று கடைசியாக ஒரு அறிவிப்பு அனுப்பிவிட்டுப் போகலாம். மின்சாரத்தைச் சட்டென்று துண்டித்தால் அதற்கு வாய்ப்பில்லை. பழைய அறிவிப்பு, வழக்கமான அமைப்பில், 30 நிமிடங்கள் வரை உயிரோடு இருக்கும். அத்தனை நேரமும் கணினி ஏமாந்து நிற்பதில்லை. ஐபிவி6-இல், அனுப்பிய தரவு போய்ச் சேர்ந்ததற்கான அடையாளம் ஏறக்குறைய 30 விநாடிகளுக்குக் கிடைக்காவிட்டால் கணினி ஐயப்படத் தொடங்கும். அடுத்து ஏதேனும் அனுப்பும்போது 5 விநாடி பொறுத்துப் பார்த்துவிட்டு, ஒரு விநாடிக்கு ஒன்றாக மூன்று முறை ரௌட்டரை நேரடியாக விசாரிக்கும். பதில் இல்லையென்றால், இணைப்பில் வேறு ரௌட்டர் இருக்கும் பட்சத்தில் அதற்கு மாறிவிடும்.

உங்கள் இரண்டாவது கேள்விக்குக் காரணம் பெரும்பாலும் முகவரியின் முற்பகுதி. மீண்டும் எழுந்த ரௌட்டருக்குச் சேவை நிறுவனம் வேறொரு முற்பகுதியைக் கொடுத்திருக்கலாம். பழையதை இனிப் பயன்படுத்த வேண்டாம் என்று சொல்லும் நினைவு ரௌட்டருக்கு இல்லை. கணினியோ அதைத் தொடர்ந்து வைத்திருக்கிறது. ஆர்எஃப்சி 4861-இன் இயல்பு மதிப்புப்படி ஒரு முற்பகுதி 30 நாள்கள் வரை செல்லுபடியாகும் என்பதை எண்ணிப் பாருங்கள். பழைய முகவரியிலிருந்து புறப்படும் பொட்டலங்களுக்குப் பதில் திரும்பி வராது. கணினியில் வைஃபையை ஒருமுறை அணைத்துப் போட்டால் பழைய முகவரி நீங்கிவிடும்.

கேள்வி (அங் மோ கியோ வாசகர்): இத்தனை சிக்கல் எதற்கு? ரௌட்டர் முகவரியைக் கையால் பதிந்துவிட்டால் என்ன?

பதில்: வீட்டை விட்டு நகராத அச்சுப்பொறிக்குத் தாராளமாகப் பதியலாம். மடிக்கணினிக்கு வேண்டாம்; நூலகத்திற்குக் கொண்டுபோனாலும் அது அங்கே உங்கள் வீட்டு ரௌட்டரையே தேடிக்கொண்டிருக்கும்.