அது தவளை இல்லை, தேரை

கேள்வி: வரவேற்பறையில் சிரிக்கும் புத்தர், மூன்று கால் தவளை, அதிர்ஷ்ட மூங்கில் மூன்றையும் வைத்தால் பணம் சேரும் என்கிறார்களே! ஃபெங்சுயி அலங்காரப் பொருள்களுக்கு அப்படி என்ன சக்தி?
— வாசகி, கரூர்

பதில்: மூன்று பொருள் சொன்னீர்கள், மூன்றுக்கும் பெயர் தப்பு. அந்தத் தொப்பைக்காரர் கௌதம புத்தர் இல்லை. பூதாய் என்ற சீனத் துறவி, 10-ஆம் நூற்றாண்டுக்காரர் என்பார்கள். எப்போதும் ஒரு மூட்டையோடு திரிந்தவர். பூதாய் என்றாலே துணிப்பைதான். இனி வரப்போகும் புத்தரான மைத்ரேயரின் அவதாரம் என்று பின்னால் ஆக்கிவிட்டார்கள். வாயில் காசைக் கவ்வியிருப்பது தவளை இல்லை, தேரை. மூங்கில்? அது மூங்கிலே இல்லை. டிரசீனா வகை, கேமரூன் பக்கத்து ஆப்பிரிக்கச் செடி.

ஃபெங்சுயி சீனர்களின் வாஸ்து; சொல்லுக்குப் பொருள் காற்று, நீர். கல்லறைக்கு மலையும் ஆறும் பார்த்து இடம் குறிப்பது அதன் பழைய வேலை. ஷோகேஸ் எல்லாம் அப்புறம் வந்தது.

சரி, சக்தி எங்கே என்கிறீர்களா? சிலேடையில். சீனத்தில் வௌவாலும் 'ஃபூ', நற்பேறும் 'ஃபூ'. ஆகவே கிண்ணத்தில் ஐந்து வௌவால் வரைந்தால் ஐந்து பேறு. மீனும் 'யூ', மிச்சமும் 'யூ'. பூச்சாடியும் 'பிங்', அமைதியும் 'பிங்'. காளமேகம் பாம்பையும் எள்ளையும் ஒரே வெண்பாவில் அடைத்தார்; இவர்கள் வீட்டையே வெண்பாவாக்கிவிட்டார்கள். ஆனால் சிலேடை ஊர் மாறினால் செத்துப்போகும். நம் வீட்டுக்குள் வௌவால் வந்தால் துடைப்பத்தைத்தானே தேடுகிறோம்?

எனவே தமிழ் ஃபெங்சுயி ஒன்றை இலவசமாகத் தருகிறேன். பிள்ளை படிக்கவில்லையா? மேசைமேல் அந்தக் காலத்து அரிசிப் படி ஒன்றை வையுங்கள், படிக்கும். வீட்டுக்காரருக்குக் கோபம் அதிகமா? சுவரில் 6 என்று எழுதி மாட்டுங்கள், ஆறிவிடுவார். கடன் அடைய வேண்டுமா? தட்டில் நாலு அடை சுட்டு வையுங்கள். நாலு வேண்டாம், சீனத்தில் அந்த ஒலியைக் கொஞ்சம் மாற்றினால் சாவு. ஐந்தாக வையுங்கள்.

மிஞ்சினால் எங்கள் அலுவலகத்துக்கு அனுப்பலாம். 'வௌவால்' என்று நான் எழுதும்போதெல்லாம் 'வவ்வால்' என்று மாற்றுகிற எங்கள் மெய்ப்புத் திருத்துநர் அடைப் பிரியர். இந்த இதழிலாவது விட்டுவைப்பார்.