மூடப்படலாம் என்ற பேச்சிருக்கும் விமான நிலையத்தில் மகள் பயிலலாமா?

அன்புள்ள அம்மாவுக்கு வணக்கம்.

பதினொன்றாம் வகுப்பில் படிக்கும் உங்கள் மகள், கலிபோர்னியாவில் சான் ஹோசேயின் கிழக்கே உள்ள ரீட்-ஹில்வியூ விமான நிலையத்தில் விமானம் ஓட்டப் பழக வேண்டும் என்றும், கல்லூரிப் படிப்பையும் அதே துறையில் அமைத்துக்கொள்ள வேண்டும் என்றும் உறுதியாக இருப்பதாக எழுதியிருந்தீர்கள். உரிமையாளரான சாண்டா கிளாரா கவுண்டியே (மாவட்ட நிர்வாகமே) மூட நினைக்கும் ஓர் இடத்தை நம்பி ஒரு பெண்ணின் எதிர்காலத்தை ஒப்படைக்கலாமா என்பது உங்கள் கேள்வி. நியாயமான கேள்விதான். ஆனால் அதைவிட அவசரமாக நீங்கள் கேட்க வேண்டிய வேறு இரண்டு கேள்விகள் இருப்பதாக எனக்குப் படுகிறது. அவற்றைப் பின்னர் சொல்கிறேன்.

முதலில் அந்த இடத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். 1937-இல் ரீட் குடும்பத்தார் தொடங்கிய இந்த நிலையத்தை 1961-இல் கவுண்டி விலைக்கு வாங்கியது. பயணிகள் விமானச் சேவை எதுவும் இங்கு இல்லை. மூவாயிரம் அடியைச் சற்றே தாண்டும் இரண்டு இணை ஓடுபாதைகளில், செஸ்னா 172 போன்ற பிஸ்டன் என்ஜின் விமானங்கள் பயிற்சிக்காக ஏறி இறங்குகின்றன. ஒரு காலத்தில் பழத்தோட்டங்களாக இருந்த சுற்றுப்புறம் இன்று வீடுகளாலும் கடைகளாலும் நிறைந்துவிட்டது. இத்தகைய விமானங்கள் ஈயம் கலந்த பெட்ரோலில் ஓடுபவை என்பதால், சுற்றிலும் வாழும் குழந்தைகளின் இரத்தத்தில் ஈயம் எவ்வளவு இருக்கிறது என்று கவுண்டி ஓர் ஆய்வு நடத்தச் செய்தது. அதன் முடிவுகள் 2021 ஆகஸ்டில் வெளிவந்தன. நிலையத்துக்கு மிக அருகில் வசிக்கும் குழந்தைகளிடம் ஈயத்தின் அளவு கூடுதலாக இருப்பதாக அது கூறியது. 2022 ஜனவரி 1 முதல் ஈயம் கலந்த எரிபொருள் விற்பனையைக் கவுண்டி நிறுத்தியது. அந்தப் பகுதித் தாய்மார்களின் அச்சம் பொய்யானதன்று. உங்கள் மகள் இத்துறைக்குள் நுழைவதாக இருந்தால் அந்த அச்சத்தைப் புரிந்துகொண்டே நுழைய வேண்டும்.

மூடுவதைப் பொறுத்தவரை, அது கவுண்டி நினைத்தவுடன் நடந்துவிடும் காரியம் அன்று. நிலையத்தின் மேம்பாட்டுக்காக மத்திய அரசிடம் பெற்ற மானியங்களோடு சேர்ந்து வந்த கடமைகள் 2031 வரை கவுண்டியைக் கட்டுப்படுத்துகின்றன. அதற்கு முன் மூட வேண்டுமானால் மத்திய வான்போக்குவரத்து நிர்வாகமான எஃப்.ஏ.ஏ.வின் இசைவு வேண்டும். உங்கள் மகள் முதல் உரிமத்தைப் பெறுவதற்கு இந்தக் காலம் தாராளமாகப் போதும். அதைவிட முக்கியமானது, விமானியின் உரிமமும் பறந்த மணிக்கணக்கைக் குறிக்கும் பதிவேடும் எந்த நிலையத்துக்கும் சொந்தமானவை அல்ல என்பதுதான். ரீட்-ஹில்வியூவில் பறந்த ஒரு மணி நேரம் சுற்றுவட்டாரத்தின் மற்ற நிலையங்களான பாலோ ஆல்டோவிலும் ஹேவர்டிலும் லிவர்மோரிலும் அதே ஒரு மணி நேரமாகவே எண்ணப்படும்.

நான் முன்பு குறிப்பிட்ட இரண்டு கேள்விகளில் முதலாவது உடல்நலச் சான்று. விமானம் ஓட்டிச் சம்பாதிக்க எண்ணும் எவரும், ஒரு டாலர் பயிற்சிக் கட்டணம் செலுத்துவதற்கு முன்பே, எஃப்.ஏ.ஏ. அங்கீகரித்த மருத்துவரிடம் முதல் வகுப்பு மருத்துவச் சான்று கிடைக்குமா என்று பார்த்துவிட வேண்டும். நிறம் பிரித்தறிவதில் குறைபாடு இருந்தாலும், கவனக்குறைவுக் கோளாறுக்காகச் சிறு வயதில் மாத்திரை எடுத்திருந்தாலும் சான்று தாமதமாகலாம், மறுக்கப்படவும் கூடும். பள்ளியில் மதிப்பெண் உயர வேண்டும் என்பதற்காக அத்தகைய மாத்திரையை எளிதாகத் தொடங்கிவிடும் குடும்பங்கள் நம்மிடையே பெருகிவிட்டன. அது இத்துறையின் வாசலில் வந்து நிற்கும் என்று அவர்களிடம் எவரும் சொல்வதில்லை. பழைய மருத்துவ விவரங்களை மறைத்து விண்ணப்பிப்பது எவ்வகையிலும் கூடாது.

இரண்டாவது, உங்கள் குடும்பத்தின் விசா. நீங்கள் எச்-1பி வேலை விசாவில் இருப்பதாகவும், மகள் உங்களைச் சார்ந்தவருக்கான எச்-4 விசாவில் இருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். எச்-4 விசாவில் படிக்கலாம். அமெரிக்கக் குடியுரிமை இல்லாதவர்களுக்கான பாதுகாப்புச் சோதனையைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகத்திடம் முடித்து ஒப்புதல் பெற்ற பிறகு, விமானப் பயிற்சியும் பெறலாம். சம்பளத்துக்கு வேலை செய்ய மட்டும் முடியாது. இங்கேதான் சிக்கல் இருக்கிறது. தனியார் விமானி உரிமத்துக்குச் சட்டம் கேட்பது குறைந்தது 40 மணி நேரம் (பெரும்பாலோருக்கு 60, 70 மணி ஆகிவிடும்), வணிக உரிமத்துக்கு 250 மணி நேரம். விமான நிறுவனம் வேலைக்குச் சேர்ப்பதற்கோ பொதுவாக 1,500 மணி நேரம், அங்கீகரிக்கப்பட்ட பட்டப்படிப்போடு சேர்ந்து வந்தால் 1,000 மணி நேரம். 250-க்கும் 1,000-க்கும் இடையே உள்ள இடைவெளியை இளைஞர்கள் பெரும்பாலும் பயிற்றுநராகச் சம்பளத்துக்கு வேலை பார்த்துத்தான் நிரப்புகிறார்கள். கிரீன் கார்டு வராத நிலையில், 21 வயதில் எச்-4 தகுதியையும் இழக்கப் போகும் ஒரு பெண்ணுக்கு அந்தப் பாலம் இல்லை. கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் பணியாற்றலாமே என்ற மாற்று வழியும் இப்போதைக்கு அடைபட்டதுதான், எஃப்.ஏ.ஏ. அப்பணிக்கு அமெரிக்கக் குடியுரிமையும் 31 வயதுக்கு உட்பட்ட விண்ணப்பமும் கேட்கிறது.

ஆகவே ஓட்டுவதை மட்டுமே இலக்காக வைக்காதீர்கள் என்பதுதான் நான் வலியுறுத்துவது. அமெரிக்காவில் பொதுப் பயன்பாட்டுக்குத் திறந்திருக்கும் ஏறத்தாழ 5,000 விமான நிலையங்களில் பயணிகள் சேவை இருப்பவை சுமார் 500 மட்டுமே. மற்றவற்றில் பெரும்பாலானவை கவுண்டியோ நகராட்சியோ நடத்தும் சிறு நிலையங்கள். அவற்றை நடத்தவும் ஆட்கள் தேவை. ஓடுபாதையில் விரிசலோ கல்லோ பறவைக் கூட்டமோ இருக்கிறதா என்று நாள்தோறும் பார்ப்பது, விளக்கு எரியாவிட்டால் விமானிகளுக்கு முறையான அறிவிப்பு அனுப்புவது, ஹேங்கர் எனப்படும் விமானக் கொட்டகைகளின் குத்தகைகளை நிர்வகிப்பது, வாடகையிலும் எரிபொருளிலும் வரும் வருமானத்தில் கணக்கைச் சரிக்கட்டுவது, மத்திய மானியத்துக்குத் திட்டம் எழுதுவது, இரைச்சலைப் பற்றிக் குறைகூற வரும் குடியிருப்பாளர்களைப் பொதுக்கூட்டத்தில் பொறுமையாகக் கேட்பது என்று அந்த வேலை பொறியியலும் பொது நிர்வாகமும் கலந்தது. பெரிய விமான நிலையத்தில் தனித்தனித் துறைகள் செய்யும் இவற்றைச் சிறிய இடத்தில் நாலைந்து பேர் சேர்ந்து செய்வதால், அங்கே இரண்டு ஆண்டுகள் இருந்தவருக்கு முழுப் படமும் பிடிபடும். ஓய்வூதியம் உள்ள அரசுப் பணி என்பதையும் உங்கள் கணவரிடம் சொல்லுங்கள். ரீட்-ஹில்வியூவிலேயே இடம் கொண்டிருக்கும் சான் ஹோசே மாநிலப் பல்கலைக்கழகத்தின் வான்போக்குவரத்துப் பட்டப்படிப்பில், விமானம் ஓட்டுவதற்கு அப்பால் நிர்வாகத்துக்கென்றும் பிரிவு உண்டு.

கைவேலையில் ஆர்வம் இருந்தால், இதே கவுண்டிக்குச் சொந்தமான சான் மார்ட்டின் நிலையத்தில் கவிலன் கல்லூரி விமானப் பராமரிப்பு வகுப்புகளை நடத்துகிறது. பெண் பிள்ளைக்கு மெக்கானிக் வேலையா என்று தயங்க வேண்டாம். நான் பார்த்தவரையில் இத்துறையில் வேலை தேடி அலையாதவர்கள் அவர்கள்தான்.

இப்போது செய்ய வேண்டியது பெரிய செலவு அன்று. 8 முதல் 17 வயது வரையுள்ளவர்களை இலவசமாக ஒருமுறை வானில் அழைத்துச் செல்லும் யங் ஈகிள்ஸ் திட்டத்தில் மகளைப் பதிவு செய்யுங்கள். அதன் பிறகும் ஆர்வம் குறையவில்லை என்றால் மருத்துவச் சான்று, பிறகு பாதுகாப்புச் சோதனை, அதன் பிறகே பயிற்சி. மோட்டார் விமானத்தில் தனியாகப் பறக்கக் குறைந்தபட்ச வயது 16, தனியார் உரிமத்துக்கு 17 என்பதால் அவர் எதையும் இழந்துவிடவில்லை. கட்டணத்தைப் பறந்த மணிக்குப் பறந்த மணியாகச் செலுத்துங்கள். மொத்தமாக முன்பணம் கட்டினால் தள்ளுபடி என்று எவர் சொன்னாலும் மறுத்துவிடுங்கள். பள்ளி மூடப்பட்டுக் கட்டிய பணம் திரும்பாமல் போன ஒரு குடும்பத்துக்கு நான் இன்றும் கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

கலிபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகங்களுக்கான விண்ணப்பம் அக்டோபர் 1 அன்று திறக்கும். உங்கள் கிரீன் கார்டு விண்ணப்பத்தின் முன்னுரிமைத் தேதியையும் (வரிசையில் உங்கள் இடத்தைக் குறிக்கும் தேதி), மகளுக்கு 21 வயது நிறையும் தேதியையும், அவர் எப்போதேனும் எடுத்துக்கொண்ட தொடர் மருந்துகளின் பட்டியலையும் அதற்கு முன் எனக்கு அனுப்பி வையுங்கள். அடுத்த சந்திப்புக்கு மகளும் உங்களுடன் வரட்டும். விசா பற்றிய பகுதியை அவர் நேரில் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.