பனிமூட்டப் படம் பிரிண்ட்டில் ஏன் இருண்டுபோகிறது?

கேள்வி: ஹெத்தையம்மன் பண்டிகைக்குப் பேரகணி போனபோது, தாத்தாவையும் ஊர்ப் பெரியவர்களையும் மூடுபனியில் மொபைலில் குரூப் போட்டோ எடுத்தேன். திரையில் பளிச்சென்று இருந்தது. வாட்ஸ்அப்பில் லேபுக்கு அனுப்பி 12×18 அங்குலத்தில் பிரிண்ட் போட்டால், படம் இருண்டு, நீலமடித்து, தெளிவில்லாமல் வந்தது. தாத்தாவின் தலைப்பாகையும் மேலே வெட்டுப்பட்டுவிட்டது. மறுபடி போடுவதற்குமுன் என்ன செய்ய வேண்டும்? – வாசகி, கோத்தகிரி

பதில்: தெளிவில்லாமல் போனதற்கு வாட்ஸ்அப்தான் காரணம். சாதாரணமாக அனுப்பும்போது அது படத்தின் நீளத்தை 1600 பிக்சல் அளவுக்குச் சுருக்கிவிடும். 4×6 பிரிண்ட்டுக்கு அது போதும். 18 அங்குலத்துக்கு நீட்டினால் அங்குலத்துக்கு 90 பிக்சல்கூடத் தேறாது. மொபைலில் உள்ள மூலப் படம் 4000×3000 இருந்தால் 220 வரை கிடைக்கும். சுவரில் மாட்டிப் பார்க்க அது தாராளம். பென் டிரைவில் கொடுங்கள், அல்லது வாட்ஸ்அப்பிலேயே 'டாக்குமென்ட்' ஆக அனுப்புங்கள். ஐபோன் என்றால் ஜேபெக் (JPEG) ஃபைலாக, எஸ்ஆர்ஜிபி (sRGB) என்ற பொதுவான நிற அமைப்பில் மாற்றிக் கொடுப்பது நல்லது.

தலைப்பாகை வெட்டுப்பட்டது லேபின் தவறு அல்ல. மொபைல் படம் 4:3, பிரிண்ட் தாள் 3:2. அகலவாட்டில் எடுத்த படம் தாளை நிரப்ப வேண்டுமென்றால் உயரத்தில் ஒன்பதில் ஒரு பங்கு போயே தீரும். எதை விடுவது என்று நீங்களே முடிவு செய்து, 3:2 விகிதத்தில் கிராப் பண்ணிக் கொடுங்கள். உங்கள் படத்தில் கீழே புல்தரைதான் இருக்குமானால் அதை விட்டுவிடலாம். தலைக்கு மேலே கொஞ்சம் இடமும் வையுங்கள். ஓரத்தில் சில மில்லிமீட்டர் எப்படியும் நறுக்குப்படும்.

இனி இருட்டு. வெள்ளை வேட்டி, வெள்ளைப் போர்வை, வெள்ளைத் தலைப்பாகை, பின்னால் வெள்ளைப் பனி. கேமராவில் வெளிச்சத்தை அளக்கும் மீட்டரோ எதிரே உள்ளதையெல்லாம் நடுத்தரச் சாம்பலாகக் கொண்டுதான் கணக்குப் போடுகிறது. இவ்வளவு வெள்ளையைக் கண்டதும் வெளிச்சத்தைக் குறைத்துவிடுகிறது. திரை தானே ஒளிர்வதால் அந்தக் குறை கண்ணுக்குத் தெரிவதில்லை, தாளில் தெரிந்துவிடும். போதாக்குறைக்கு லேப் மெஷினின் ஆட்டோ கரெக்‌ஷன், பனியைக் 'கான்ட்ராஸ்ட் இல்லாத படம்' என்று நினைத்துக் கறுப்பைக் கூட்டுகிறது. முகங்கள் கருத்துப்போவது பெரும்பாலும் இதனால்தான். மலைப் படங்களுக்கு ஆட்டோ கரெக்‌ஷன் வேண்டவே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

மொபைலின் ஆட்டோ பிரைட்னஸையும் கண் பாதுகாப்பு மோடையும் அணைத்து, வெளிச்சத்தைப் பாதியாக்கி, வீட்டுக்குள் உட்கார்ந்து படத்தைப் பாருங்கள். தாளில் வரப்போவது ஏறக்குறைய அதுதான். ஸ்நாப்சீட் போன்ற செயலியில், முகங்கள் தெளியும்வரை பிரைட்னஸை ஏற்றுங்கள். பிறகு தாத்தாவின் தலைப்பாகையைப் பெரிதாக்கிப் பாருங்கள். துணியின் மடிப்புகள் ஒவ்வொன்றும் தெரிய வேண்டும். மடிப்பு மறைந்து ஒரே வெள்ளையாகிவிட்டால் அந்த இடத்தில் மை விழாத வெறும் தாள் மாதிரிதான் வரும். அப்படியானால் ஹைலைட்ஸை, அதாவது மிக வெளிச்சமான பகுதிகளை, கொஞ்சம் இறக்குங்கள். நீலம் போக வார்ம்த்தை (மஞ்சள் சாயலை) சிறிதளவு கூட்டலாம். தலைப்பாகை மஞ்சளடிக்கத் தொடங்கும் முன் நிறுத்திவிடுங்கள். பனிக்கு லேசான நீலம் இருப்பதுதான் அழகு.

கொடுக்கும்போது "கரெக்‌ஷன் வேண்டாம், அப்படியே போடுங்கள்" என்று வாயால் சொல்வதோடு கவரிலும் எழுதச் சொல்லுங்கள். பெரிய பிரிண்ட்டுக்கு முன், அதே ஃபைலில் ஒரு 4×6 போட்டு, ட்யூப் லைட்டுக்கு அடியில் பார்க்காமல் கடை வாசலுக்குக் கொண்டுவந்து பகல் வெளிச்சத்தில் பாருங்கள். பெரிய அளவை அவர்கள் கோவைக்கு அனுப்பிப் போடுவதானால், இந்தச் சோதனைப் பிரிண்ட்டும் அங்கேதான் போடப்பட வேண்டும். மெஷின் மாறினால் நிறம் மாறும்.

தாளில் பளபளப்பில்லாத மேட் கேளுங்கள். கோத்தகிரி ஈரத்துக்கு கிளாஸி தாள் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும், பிறகு பிரித்தால் படம் உரிந்துவிடும். ஃப்ரேம் போடுபவரிடம் மவுண்ட் (படத்தைச் சுற்றி வைக்கும் அட்டை) வைத்து, கண்ணாடிக்கும் படத்துக்கும் இடைவெளி விடச் சொல்லுங்கள். மழைக்காலத்தில் ஈரம் கோக்கும் சுவரில் மாட்டாதீர்கள். பூஞ்சை முதலில் பின்பக்க அட்டையில்தான் பிடிக்கும்.